ஆண்ட்ரூ ஜான்சன் மீது வந்த வழக்கு

வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரை, நம் நாட்டு வரலாறு படித்த மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். வங்காளத்தை ஆண்டு தாயகம் திரும்பிய அவர்மீது இங்கிலாந்தின் பொதுமக்கள் சபை பெருங்குற்றம் சாட்டிற்று. பிரபுக்கள் சபை நீதிமன்றமாக அமர்ந்து, 1788 முதல் 1795 வரை வழக்கை விசாரித்தது. முடிவில் அவர் குற்றவாளி அல்லர் என்று விடுதலை பெற்றார். ஒரு சபை குற்றம் சாட்ட மற்றொரு சபை தீர்ப்புக் கூறும் இம்முறைக்கு ஆங்கிலத்தில் 'இம்பீச்மெண்ட்' என்று பெயர். நாம் பெருங்குற்றச்சாட்டு என்று சொல்லலாம். அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசியலமைப்பை வகுத்தபொழுது இம்முறையை இங்கிலாந்திடமிருந்து எடுத்துக்கொண்டனர். அங்கே மன்னர் இல்லை. ஆகையால், நாட்டின் தலைவரையே இவ்விசாரணைக்கு உட்படுத்தலாம் என்று எழுதிவைத்தனர். நம் குடியரசுத் தலைவரைப் பற்றி நம் அரசியலமைப்பின் 61ஆம் விதி கூறும் ஏற்பாடும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அமெரிக்கத் தலைவர்களுள் இவ்விசாரணைக்கு முதன்முதலில் ஆளானவர் ஆண்ட்ரூ ஜான்சன். ஆண்டு 1868. அவருக்குப் பின் 1998இல் கிளிண்டன் மீதும், 2019இலும் 2021இலுமாக இருமுறை டிரம்ப் மீதும் குற்றம் சாட்டப்பெற்றது. ஒருவரையும் செனட் சபை குற்றவாளி என்று தீர்க்கவில்லை. 1974இல் நிக்சன், பிரதிநிதிகள் சபை வாக்கெடுக்குமுன்பே பதவியைத் துறந்தார். இவ்வழக்குகளுள் ஜான்சன் வழக்கையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

கல்லூரியில் நான் படித்த நாளில் இக்கதையை வேறு விதமாகக் கேட்டேன். அரசியலமைப்பைக் காக்க முயன்ற ஒரு தலைவர். அவரைப் பழிவாங்கத் துடித்த ஒரு பாராளுமன்றம். மனச்சான்றின்படி நடந்து ஒரே வாக்கில் அவரைக் காப்பாற்றிய எட்மண்ட் ராஸ் என்னும் செனட் உறுப்பினர். ஜான் கென்னடி 1956இல் வெளியிட்ட நூலில், துணிவு மிக்க செனட் உறுப்பினர்களின் வரிசையில் இந்த ராஸுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நானும் அதை நம்பினேன். என் மாணவர்களுக்கும் அப்படியே சொன்னேன். பின்னர் ஒருமுறை, குற்றப்பத்திரிகையின் பதினொரு பிரிவுகளையும் முதலிலிருந்து முடிவு வரை படிக்க நேர்ந்தது. அன்று அடைந்த வியப்பு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. உள்நாட்டுப் போர் நடந்ததே அடிமை முறையைப் பற்றி. போர் முடிந்தபின் ஜான்சனுக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட பகையெல்லாம், விடுதலை பெற்ற நாற்பது இலட்சம் மக்களின் கதி என்ன என்பதைப் பற்றி. ஆனால் குற்றப்பத்திரிகையில் அம்மக்களுக்கு இழைத்த தீங்கு ஒரு குற்றமாகச் சொல்லப்படவே இல்லை. ஜான்சனின் சொற்பொழிவுகளிலிருந்து எடுத்துக்காட்டிய பகுதியொன்றில் மட்டும், பேச்சோடு பேச்சாக, கறுப்பின மக்கள் தலைகாட்டி மறைகின்றனர். இது எப்படி நேர்ந்தது?

ஜான்சன் வட கரோலினாவில் 1808இல் வறிய குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தையற்காரரிடம் தொழில் பழக விடப்பட்டார். அங்கிருந்து அவர் ஓடிப்போனபொழுது, பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்தாராம். பள்ளிக்கூடத்தின் வாயிலையே அவர் மிதித்ததில்லை. டென்னசி மாநிலத்தில் கிரீன்வில் என்னும் ஊரில் தையற்கடை வைத்தபின், மனைவி எலைசாதான் அவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தார். அந்நிலையிலிருந்து ஊர்த் தலைவர், சட்டசபை உறுப்பினர், மாநில ஆளுநர், செனட் உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்தார். பெருநிலக்காரர்கள்மீது அவருக்குத் தீராத வெறுப்பு. 1861இல் தென் மாநிலங்கள் பிரிந்துபோனபொழுது, பிரிந்த மாநிலங்களின் செனட் உறுப்பினர்களுள் தம் இருக்கையை விட்டுப் போகாதவர் அவர் ஒருவரே. அந்தத் துணிவை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நிலக்காரரை வெறுத்தவர் என்பதால் அடிமைகளுக்கு நண்பர் என்று எண்ணிவிடக் கூடாது. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். வறிய வெள்ளையரின் உயர்வே அவர் கண்ட கனவு. அக்கனவில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை.

இத்தகையவர் லிங்கனுக்கு அடுத்த நிலைக்கு எப்படி வந்தார்? 1864ஆம் ஆண்டுத் தேர்தலுக்குமுன் வடக்கே போரில் சலிப்பு மிகுந்திருந்தது. லிங்கனின் கட்சியார், ஜனநாயகக் கட்சியாரின் வாக்கையும் ஈர்க்கவேண்டி, அப்பொழுது துணைத் தலைவராக இருந்த ஹானிபல் ஹாம்லினை விலக்கிவிட்டு, தெற்கத்தியரும் ஜனநாயகக் கட்சியினருமான ஜான்சனை நிறுத்தினர். தேர்தல் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தலைவர் இறந்தால் இவர் நாட்டை ஆளவேண்டி வருமே, இவருடைய கருத்து என்ன என்று அன்று கேட்டவர் மிகச் சிலர். 1865 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்பு விழாவில் ஜான்சன் மது மயக்கத்தில் தடுமாறிப் பேசி, கூடியிருந்தோரைத் தலைகுனியச் செய்தார். ஆறு வாரத்தில், ஏப்ரல் 15ஆம் நாள், லிங்கன் கொலையுண்டு இறக்க, ஜான்சன் தலைவரானார்.

முதல் பெருந்தவறு அந்தக் கோடையிலேயே நேர்ந்தது. பாராளுமன்றம் டிசம்பரில்தான் கூடவேண்டும். போர் முடிந்த நாடு. தென் மாநிலங்கள் பலவற்றில் அரசாங்கமே இல்லை. சிறப்புக் கூட்டத்திற்கு அழைத்து எல்லாரையும் கலந்திருக்கலாம். ஜான்சன் அழைக்கவில்லை. எட்டு மாதம் தாம் ஒருவராகவே தெற்கை மறுபடி கட்டி முடித்துவிடலாம் என்று எண்ணினார். மே 29ஆம் நாள் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துடையவர்கள் தம்மிடம் தனித்தனியே விண்ணப்பிக்கவேண்டும் என்றார். பெருநிலக்காரர்களைத் தண்டிக்கப் போகிறார் என்றே உலகம் நினைத்தது. நடந்ததோ வேறு. நேற்றுவரை தம்மைத் தையற்காரன் என்று இகழ்ந்த சீமான்கள் வாயிலில் காத்து நிற்க, அவர் ஆயிரக்கணக்கில் மன்னிப்புகளை வழங்கினார்.

மன்னிப்போடு நிலமும் திரும்பிற்று. இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில் உரிமையாளர்கள் விட்டோடிய நிலங்களை, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் பிரித்துக் கொடுக்கக் கட்டளையிட்டிருந்தார். ஏறத்தாழ 40,000 பேர் அங்கே குடியேறிப் பயிர் செய்தனர். ஜான்சனோ அந்நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்க ஆணையிட்டார். இச்செய்தியைச் சொல்ல அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்குச் சென்றவர் தளபதி ஹவர்ட். அடிமை முறையை எதிர்த்துப் போரிட்டு வலக் கையை இழந்தவர் அவர். மாதாகோவிலொன்றில் கூடியிருந்த மக்களிடம், நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, பழைய எசமானரிடமே கூலிக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. அம்மக்கள் குழு அமைத்து அவருக்கும் குடியரசுத் தலைவருக்கும் விண்ணப்பங்கள் எழுதினர். பயன் ஒன்றும் விளையவில்லை.

அதற்குள் ஜான்சன் நிறுவிய புதிய தென் மாநிலச் சட்டசபைகள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. மிசிசிப்பி இயற்றிய சட்டப்படி, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கறுப்பினத்தார் தமக்கு வேலை உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்கவேண்டும். ஆண்டு முடியுமுன் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலியும் போகும். சோம்பித் திரிவதாகப் பிடிபட்டு அபராதம் கட்ட முடியாதவரை, அபராதத்தைக் கட்டுவோரிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடலாம். தென் கரோலினாவில், உழவும் வீட்டு வேலையும் தவிர்ந்த வேறு தொழில் செய்ய விரும்பும் கறுப்பினத்தார் ஆண்டுதோறும் வரி கட்டவேண்டும். அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் அந்த டிசம்பரில்தான் நிறைவேறியது. அதன் மை உலருமுன்பே நடந்தவை இவை. 1866 தொடக்கத்தில் ஜார்ஜியா மாநிலம் வாஷிங்டனுக்குத் தன் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தவர் யார் தெரியுமா? கலகக்கார அரசின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ்.

பாராளுமன்றம் கூடியதும் இவர்களை உள்ளே விட மறுத்தது. ஆயினும் அன்றே ஜான்சனை வீழ்த்தவேண்டும் என்று அது எண்ணவில்லை. தீவிரவாதிகள் என்று பெயர் பெற்ற தாடியஸ் ஸ்டீவன்ஸ், சார்லஸ் சம்னர் போன்றோர் சிறுபான்மையினரே. பெரும்பான்மையோர் நடுநிலையாளர், தலைவரோடு ஒத்துப்போகவே விரும்பியவர்கள். அவர்களுள் ஒருவராகிய லைமன் டிரம்புல் இரண்டு மசோதாக்களை எழுதினார். விடுதலை பெற்றோருக்கு உதவும் அலுவலகத்தின் ஆயுளை நீட்டுவது ஒன்று. கறுப்பினத்தாரும் குடிமக்களே, ஒப்பந்தம் செய்யவும் சொத்து வாங்கவும் சாட்சி சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. வாக்குரிமை பற்றி அவற்றில் பேச்சே இல்லை. டிரம்புல் தலைவரைக் கண்டு கலந்து பேசினார். கையொப்பம் கிடைக்கும் என்று நம்பித் திரும்பினார். 1866 பிப்ரவரி 19இல் ஜான்சன் முதல் மசோதாவை மறுத்துத் திருப்பியனுப்பினார். மூன்று நாள் கழித்து, தம் மாளிகை முன் கூடிய கூட்டத்தில், ஸ்டீவன்ஸையும் சம்னரையும் பெயர் சொல்லி நாட்டுப் பகைவர் வரிசையில் சேர்த்தார். மார்ச் 27இல் இரண்டாம் மசோதாவையும் மறுத்தார். அது வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தாருக்குச் சலுகை தருவது என்றார்.

என் கருத்தில், ஜான்சனின் வீழ்ச்சி அந்த மார்ச்சு மாதத்திலேயே உறுதியாகிவிட்டது. நடுநிலையாளர்க்கு அவர் வேறு வழியே வைக்கவில்லை. ஏப்ரலில் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அவர் மறுப்பைத் தள்ளி மசோதாவைச் சட்டமாக்கின. முக்கியமானதொரு சட்டம் தலைவரின் மறுப்பை மீறி நிறைவேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை. அவர் ஆட்சிக்காலத்தில் மொத்தம் 15 முறை இவ்வாறு நேர்ந்தது. வேறெந்தத் தலைவருக்கும் இத்தனை முறை நேர்ந்ததில்லை.

மே மாதம் மெம்பிஸ் நகரக் கலவரத்தில் கறுப்பினத்தார் 46 பேர் கொல்லப்பட்டனர். ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் மற்றொரு படுகொலை. அந்நிலையில் ஜான்சன் செய்தது என்ன? தளபதி கிராண்டையும் அழைத்துக்கொண்டு, வட மாநிலங்களில் ரயிலேறித் தேர்தல் பிரசாரத்துக்குப் புறப்பட்டார். கூட்டத்தில் எவரேனும் குறுக்கே கத்தினால், நின்று அவரோடு வாதாடினார். தம்மை ஏசுவுக்கு ஒப்பிட்டார். செயின்ட் லூயி நகரில், நியூ ஆர்லியன்ஸ் கொலைகளுக்குப் பாராளுமன்றமே காரணம் என்றார். டென்னசியின் தெருமுனைக் கூட்டங்களில் அவரை உயர்த்திய அந்த நாவே நாட்டின் தலைவரைத் தாழ்த்திற்று. அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்த்தரப்பார் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக வெற்றி பெற்றனர்.

இதுவரை சொன்னது தலைவரின் தோல்வி. இனிச் சொல்வது பாராளுமன்றத்தின் தோல்வி. வென்ற கட்சிக்கு ஆற்றல் வந்தது; நேர்மையாக வழக்கைச் சொல்லும் துணிவு வரவில்லை. தலைவர் தம் அதிகாரம் முழுவதையும் பயன்படுத்தி, விடுதலை பெற்ற மக்களை மீண்டும் எசமானரிடம் ஒப்படைத்தார் என்று குற்றம் சாட்டலாமா என்றால், அது எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வரும் என்று வழக்கறிஞர்கள் கேட்டனர். வடக்கிலேயே பல மாநிலங்கள் கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை தரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1867 டிசம்பரில் வந்த முதல் தீர்மானம், குறிப்பிட்ட குற்றம் இல்லை என்ற காரணத்தால், 57க்கு 108 என்ற வாக்கில் தோற்றது.

குறிப்பிட்ட குற்றத்துக்கு ஒரு பொறி அதற்கு முன்பே வைக்கப்பட்டிருந்தது. 1867 மார்ச் 2இல் நிறைவேறிய பதவிக்காலச் சட்டம் அது. செனட்டின் ஒப்புதலோடு அமர்த்தப்பட்டவரை, செனட்டின் ஒப்புதலின்றி விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். போர் அமைச்சர் எட்வின் ஸ்டாண்டன் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர். தெற்கிலிருந்த இராணுவம் அவர் கையில் இருந்தது. கறுப்பின மக்களுக்கு இருந்த காப்பு அந்த இராணுவம் ஒன்றே. ஆகையால் அவரைக் காப்பதும் ஒரு வகையில் அம்மக்களைக் காப்பதே. ஆயினும் அந்தக் காரணத்தைச் சட்டம் சொல்லவில்லை.

பொறி இருப்பது ஜான்சனுக்குத் தெரியும். தெரிந்தே காலை வைத்தார். 1868 பிப்ரவரி 21இல் ஸ்டாண்டனை விலக்கி, லொரென்சோ தாமஸ் என்னும் முதிய தளபதியை அமர்த்தினார். ஸ்டாண்டனோ அலுவலகத்தை விட்டு நகர மறுத்து உள்ளேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை, உணவருந்துமுன்பே தாமஸ் கைது செய்யப்பட்டார். பிணையில் வெளிவந்து நேரே ஸ்டாண்டனிடம் சென்று, இனிமேல் கைது செய்வதானால் சாப்பிட்ட பின் செய்யுங்கள் என்று முறையிட்டார். ஸ்டாண்டன் அவர் தோளில் கைபோட்டு விஸ்கி வரவழைக்க, பதவிக்குப் போராடிய இருவரும் சேர்ந்து அருந்தினர். ஒரு நாட்டின் விதி தொங்கிய நாளில் இப்படியும் ஒரு காட்சி.

மூன்று நாளில், பிப்ரவரி 24இல், பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்ற வாக்கில் பெருங்குற்றம் சாட்டியது. பின்னர் வகுத்த பதினொரு பிரிவுகளுள் முதல் எட்டும் ஸ்டாண்டனை விலக்கியதையும் தாமஸை அமர்த்தியதையும் சுற்றிச் சுற்றி வருவன. ஒன்பதாவது, ஒரு தளபதியோடு நடந்த உரையாடல் பற்றியது. பத்தாவது, சொற்பொழிவுகளில் பாராளுமன்றத்தை இழிவுபடுத்தியது. ஸ்டீவன்ஸின் முயற்சியால் சேர்ந்த பதினொராவதில் மட்டும், தென் மாநிலங்களின் புனரமைப்புச் சட்டம் செயற்படாமல் தடுத்தார் என்று ஒரு தொடர் வருகிறது. எடிஸ்டோவின் நிலம் இல்லை. மெம்பிஸின் பிணங்கள் இல்லை.

செனட்டில் தலைமை நீதிபதி சேஸ் தலைமை தாங்கினார். பார்வையாளருக்கு அனுமதிச் சீட்டு அச்சிடவேண்டிய அளவுக்குக் கூட்டம். ஜான்சன் நேரில் வரவில்லை; வழக்கறிஞர்களின் அறிவுரைப்படி முதன்முறையாக வாய் மூடியிருந்தார். அவர் சார்பில் பேசிய பெஞ்சமின் கர்டிஸ், முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் வாதம் எளியது: அமைச்சர்கள், தங்களை அமர்த்திய தலைவரின் காலம் வரையிலும், அதற்குமேல் ஒரு மாதமும் பதவியில் இருக்கலாம் என்றே சட்டம் கூறுகிறது. ஸ்டாண்டனை அமர்த்தியவர் லிங்கன், ஜான்சன் அல்லர். எனவே சட்டம் அவரைக் காக்காது. சட்டத்தை எழுதியவர்களே அதை அத்தனை தெளிவின்றி எழுதியிருந்தனர். இறைவாசல் திறந்திருக்கப் புறவாசல் வழியே நுழைந்தவர்களுக்கு, அந்தப் புறவாசலும் பூட்டியிருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. துணைத் தலைவர் இல்லாத நிலையில், ஜான்சன் விலகினால் செனட்டின் தலைவர் பெஞ்சமின் வேட் நாட்டின் தலைவராவார். அவருடைய பொருளாதாரக் கொள்கைகளை அஞ்சியவர் அவர் கட்சியிலேயே பலர். அவரோ தமக்கே பதவி தரக்கூடிய அவ்வழக்கில் தாமும் வாக்களித்தார். ஜான்சன் தரப்பார், நடுநிலையாளருக்கு ஏற்ற ஷோஃபீல்டைப் போர் அமைச்சராக்குவதாகத் திரைக்குப் பின்னே பேசி முடித்தனர்.

மே 16இல் பதினொராம் பிரிவின்மீது வாக்கெடுத்தனர். உறுப்பினர் 54, தண்டிக்க 36 வேண்டும். சில நாள் முன்பு பக்கவாதத்தால் வீழ்ந்த கிரைம்ஸைத் தூக்கிவந்து அமர்த்தினர். குற்றவாளி என்றோர் 35. அல்லர் என்றோர் 19. மே 26இல் வேறு இரு பிரிவுகளுக்கும் அதே எண்ணிக்கை. குடியரசுக் கட்சியார் எழுவர் தம் கட்சிக்கு மாறாக வாக்களித்தனர். டிரம்புல் அவருள் ஒருவர். ஜான்சன் மீதான கோபத்துக்கு அவரைவிட உரியவர் எவர்? ஆனால், நாளை எந்தத் தலைவரும் கருத்து வேற்றுமைக்காக விலக்கப்படும் நிலை வரும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். நான் மாணவப் பருவத்தில் வணங்கிய ராஸோ, வாக்களித்த சில வாரங்களில் தம்மவர்க்குப் பதவி கேட்டு ஜான்சனுக்கு எழுதினார். அதைப் படித்தபின் பழையபடி அவர் கதையைச் சொல்ல என்னால் இயலவில்லை.

பதவிக்காலச் சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. அத்தகைய சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 1926இல் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. வழக்கு எழுந்த சட்டத்தின் கதை அது. வழக்குக்கு வராத நிலங்களோ பழைய உரிமையாளரிடமே இருந்தன.

தாடியஸ் ஸ்டீவன்ஸ் விசாரணையின்போது நோயுற்று, நாற்காலியில் வைத்துத் தூக்கிவரப்பட்டவர். ஆகஸ்டு மாதத்தில் காலமானார். இனவேறுபாடு பாராது எல்லாரையும் அடக்கம் செய்யும் சிறு இடுகாடு ஒன்றைத் தமக்கென முன்னமே தேர்ந்து வைத்திருந்தார். ஜான்சன் 1875இல் மீண்டும் செனட் உறுப்பினராகி, தம்மை விசாரித்த அதே மண்டபத்தில் நுழைந்தார். சிலர் அவர் மேசையில் மலர் வைத்திருந்தனர். மார்ச்சு மாதம் அங்கே எழுந்து, லூயிசியானாவுக்குக் கிராண்டு இராணுவம் அனுப்பியதைக் கண்டித்துப் பேசினார். ஜூலை 31இல் இறந்தார். அவர் விருப்பப்படி உடலை நாட்டுக் கொடியில் சுற்றி, தலைக்கு அணையாக அரசியலமைப்பின் பிரதியொன்றை வைத்து, கிரீன்வில்லில் அடக்கம் செய்தனர்.